பறக்கக் கூடாத குடை

ஜூன் 24, திங்கள்

இது என் ஒன்பதாம் வகுப்பு அறிவியல் நோட்டு. முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு மண்புழு பாதி வரைந்தபடி நிற்கிறது. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மீன் பொதிவதற்கு அம்மா இதைக் கேட்டாள். தலையை ஆட்டிவிட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மிச்சப் பக்கங்களில் எழுதப் போகிறேன். எனக்கு ஆட்களோடு வாயால் பேச வராது.

இன்று குடை மூன்று தடவை பறந்தது. ஆரல்வாய்மொழியில் ஆனி பிறந்தால் இப்படித்தான். இரண்டு மலைக்கும் நடுவே காற்று குழாய்க்குள் வருவது போல வரும். ஊரைச் சுற்றிக் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பது சும்மாவா? எங்கள் மீன்கடை நாகர்கோவில் போகிற சாலையோரத்தில் இருக்கிறது. இரண்டு டிரம்முக்கு மேல் ஒரு பலகை, மேலே ஒரு பெரிய குடை. அவ்வளவுதான் கடை. அம்மா விற்பாள். நான் பின்னால் உட்கார்ந்து வெட்டுவேன். செதில் தெறித்துக் கண் இமையில் ஒட்டும். குடல் நகத்துக்குள் போகும். இரண்டு வருஷமாக என் கையை நான் மூக்குப் பக்கம் கொண்டுபோனதில்லை.

குடை பறக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் பஞ்சர்கடை வைத்திருக்கும் தனிஸ்லாஸ் என்பவர் ஓடிவருகிறார். கம்பைப் பிடிக்கிறார். காற்று நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே நிற்கிறார். அவர் நகங்களைப் பார்த்தால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. டியூபை முக்கிப் பார்க்கிற கறுப்புத் தண்ணீரிலேயே கையும் கழுவுகிறார். வெற்றிலை போட்டுப் போட்டுப் பல்லெல்லாம் மீன் செவுள் நிறம்.

"என்ன புஷ்பம், இன்னைக்கு வாளை ரொம்ப மெலிஞ்சு கெடக்கு?" என்கிறார்.

"கடல்ல பஞ்சமாம். நீங்க போயி ரெண்டு நாளு சோறு போட்டுட்டு வாருங்க" என்கிறாள் அம்மா.

இதற்கு இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஜூன் 27, வியாழன்

அம்மா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தாள். மீன் நாற்றத்துக்கு மேல் பவுடர் வாசனை. தனித்தனியாக இருந்தால் இரண்டையும் தாங்கலாம். சேர்ந்து வந்தபோது முடியவில்லை.

மதியம் சாரல் அடித்தது. குடை ஆடியது. அவர் வந்தார். இவ்வளவு பெரிய குடை இருக்க, அதற்கு வெளியே மழையில் நின்றுகொண்டு கம்பைப் பிடித்தார். சட்டை நனைந்து தொப்பையோடு ஒட்டிக்கொண்டது. பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே வந்து நின்றால்தான் என்ன? உள்ளே வந்திருந்தால் அதுவும் சகித்திருக்காது.

ஜூன் 28, வெள்ளி

அம்மா கொடுத்துவிட்ட சாளை மீனை ரோசம்மா அத்தை வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை அப்பாவின் அக்கா. காப்பி தந்தாள். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 30, ஞாயிறு

பூசை முடிந்து ஆட்கள் மீன் வாங்குகிற நேரத்தில் அத்தை வந்தாள். கையில் ஜெபமாலை. பலகைக்கு முன்னால் நாலு பேர் நிற்கும்போதே ஆரம்பித்தாள்.

"ஏட்டி புஷ்பம், எந்தம்பி வாங்கிப்போட்ட குடைக்குக் கீழ வேற ஆம்பள வந்து நிக்கானாமே?"

அம்மா கையில் தராசோடு நின்றாள். "குடை பறந்தா பிடிக்க வாறாரு மைனி. நடுரோட்டுல, ஊரே பாக்க. இதுல என்ன?"

"பறந்தா பிடிக்கலாம். பறக்காதப்ப?"

"பறக்காதப்ப அவரு கடையில இருப்பாரு."

"அப்படியே இருக்கட்டும். குடை பறந்தாத்தான் அவன் இந்த ரோட்டத் தாண்டணும். சும்மா வந்து பல்லக் காட்டிட்டு நிக்கத ஒரு நாளு நான் பாத்தேன்னு வையி, குடையச் சுருட்டிருவேன். பிள்ளையையும் எங்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன். பெறகு நீ வெயில்ல இருந்து யாரையும் பாத்துச் சிரி."

எதிரில் அவர் ஒரு டயரை உருட்டிக்கொண்டு போவது போலக் கடைக்குள் போனார். டயர் வெளியே விழுந்துவிட்டது.

சாயங்காலம் அம்மா கேட்டாள், "மைனிக்கு யாருட்டி சொன்னது?" என்று. எனக்கென்ன தெரியும் என்று சொன்னேன்.

ஜூலை 1, திங்கள்

குடை பறந்தால் அவர் வரலாம். அத்தையே சொல்லிவிட்டாள். இன்று இரண்டு தடவை பறந்தது, இரண்டு தடவை வந்தார்.

குடை பறக்காவிட்டால் வர வேண்டியதில்லை. யாரும் யாரோடும் சண்டை போட வேண்டியதில்லை. பறக்காத குடை ஒன்று செய்துவிட்டால் போதும்.

ஜூலை 2, செவ்வாய்

நாள் முழுக்கக் குடையைப் பார்த்தேன். இரண்டு கிலோ கணவாயைக் கோணலாக வெட்டியதற்கு அம்மா ஏசினாள். கணவாயின் மை கையெல்லாம் அப்பிக்கொண்டது, கழுவினாலும் போகாது.

குடை நேராக நிற்கிறது. அதுதான் தப்பு. மேற்கிலிருந்து வருகிற காற்று விளிம்புக்கு அடியில் புகுந்து தூக்குகிறது. விளிம்பைக் காற்றுப் பக்கமாகத் தாழ்த்தினால் காற்று மேலே ஏறிப் போய்விடும். இது என் மூளையில் தானாக வந்ததில்லை. பஞ்சர்கடைக்காரர் பிடிக்கும்போது கம்பைக் காற்றுப் பக்கம் சாய்த்துத்தான் பிடிக்கிறார். அருவருப்பைப் பொறுத்துக்கொண்டு பார்த்ததில் தெரிந்துகொண்டேன்.

ஆனால் காற்று ஒரே பக்கமிருந்து வராது. மலை மேல் காற்றாலைகள் காற்று மாறினால் தலையைத் திருப்பிக்கொள்கின்றன. குடைக்கும் அப்படி ஒரு கழுத்து வேண்டும்.

மண்புழுவுக்கு எதிர்ப்பக்கத்தில் படம் வரைந்தேன்.

ஜூலை 5, வெள்ளி

பழைய இரும்புக் கடையில் ஒரு ஸ்டாண்டு ஃபேனின் கழுத்து கிடைத்தது. மேலும் கீழும் சாயும், திருகினால் நிற்கும். குடைக் கம்பை நடுவில் வெட்டி இதை மாட்ட வேண்டும். வெட்டுவதற்கு ரம்பம் யாரிடம் இருக்கிறது? அங்கேதான் இருக்கிறது. வேறு எங்கும் இல்லை.

கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு சாலையைத் தாண்டினேன். நோட்டை விரித்துப் படத்தை நீட்டினேன். அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். ரப்பர் பசை வாடையும் புகையிலை வாடையும் அடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இது நின்னுட்டா எனக்கு அங்கன வேலையில்லயே மக்கா" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். தரையில் வெற்றிலை எச்சில்.

ரம்பத்தை எடுத்துக் கம்பில் வைத்தார். வைத்தவர் நிறுத்தினார். கம்பில் பச்சைப் பெயின்டில் அப்பா தன் பெயரை எழுதியிருக்கிறார், S. அமலதாஸ் என்று.

"அப்பா பேரு இருக்கே. அதுக்கு மேல வெட்டவா, கீழ வெட்டவா?"

மேலே என்று விரலைக் காட்டினேன். பெயரிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டித் தந்தார். நோட்டில் அவருடைய பெருவிரல் கறுப்பாகப் பதிந்துவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்து எறியலாம் என்று பார்த்தால் படம் போய்விடும்.

ஜூலை 9, செவ்வாய்

ஃபேன் கழுத்து நாலு நாள்தான். ஃபேனின் பாரம் வேறு, குடையின் பாரம் வேறு. பலமாக ஒரு காற்று அடித்ததும் திருகு வழுக்கி, தலை தொங்கிக்கொண்டு ஒரு பக்கமாக ஆடியது, மத்தியானம் ஆனால் <s>அப்பா மாதிரி</s>

அந்த வரியை அடித்துவிட்டேன்.

அவர் வந்து பிடித்தார். அம்மா சிரித்தாள்.

ஜூலை 12, வெள்ளி

காலையில் பஞ்சர்கடைக்காரர் ஒரு பழைய சைக்கிள் சீட்டைக் கொண்டுவந்து, சாலையைத் தாண்டாமல், அந்தப் பக்கத்தில் நின்றபடியே தூக்கிக் காட்டினார். குடை பறக்கவில்லையே, தாண்டக் கூடாதே. நான்தான் போக வேண்டியிருந்தது.

சீட்டுக்கு அடியில் கிளாம்ப் ஒன்று இருக்கும். இரண்டு பக்கமும் பல் பல்லாக வெட்டியிருக்கும். ஒரு பல் தள்ளி மாட்டினால் சீட் கொஞ்சம் சாயும். நட்டை இறுக்கிவிட்டால் எவ்வளவு கனமான ஆள் உட்கார்ந்தாலும் அசையாது. நான் ஒரு வாரமாக மூளையைப் பிசைந்தது இதற்காகத்தான். இதை இந்த ஆள் கொண்டுவந்தாரே என்று எரிச்சலாக இருந்தது. வெல்டிங் கடையில் கொடுத்துக் கம்போடு சேர்த்து வாங்கிவந்தார். நன்றி என்று சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துத் துப்பினார்.

மாட்டியபோது பிற்பகல் மூன்று மணி. காற்றுக்காக மேற்கே சாய்த்தேன்.

"ஏட்டி, எம்மேல நிழல் விழுது!" என்றாள் அம்மா. வேடிக்கையாக இருந்தது அவளுக்கு. பலகைக்கு முன்னால் நின்று கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள். "பன்னெண்டு வருசத்துல இப்பத்தான்ட்டி இந்தக் குடை எனக்கு நெழலு தருது."

அப்பா இருந்தபோது குடை பின்னால் தள்ளி இருந்தது. நிழலில் அவருக்குப் பாய் போட்டிருக்கும். அவருக்கு அப்போது உடம்புக்கு முடியாது. எழுந்து நின்று கம்பைப் பிடிக்கிற நிலைமையில் அவர் இல்லை. அதைச் சொல்ல வேண்டும்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. குடை தானாகத் திரும்புகிறது!

கம்பின் அடியில் சைக்கிள் ஹேண்டில் பாருக்குக் கீழே போடுகிற கிண்ணமும் குண்டுகளும் போட்டேன். கிரீஸ் தடவினேன். எண்ணெய் டின்னை வெட்டி, குடையின் பின்பக்கத்தில் வால் போல நீட்டி வைத்தேன். காற்று வாலைத் தள்ள, குடை முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பிக்கொள்கிறது. மலை மேல் காற்றாலையைப் பார்த்தேன், குடையைப் பார்த்தேன். இரண்டும் ஒரே திசையைப் பார்த்தன. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மீன் வெட்டும்போது நாற்றம் தெரியவில்லை.

அவர் நாள் முழுக்கக் கடையை விட்டு நகரவில்லை. ஒரு லாரிக்காரரிடம் என் குடையைக் கை காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். தன் சொந்தச் சொத்து போல. அது எதற்கு அவருக்கு?

ஜூலை 18, வியாழன்

எழுதவே கூசுகிறது.

மண்ணெண்ணெய் கலர் சட்டை போட்ட ஒரு சார் வாளை வாங்கக் குனிந்தார். அந்த நேரம் ஒரு டாரஸ் லாரி சாலையை ஒட்டிப் போனது. அதன் காற்று கிழக்கேயிருந்து சடாரென்று அடித்தது. குடை பொம்மை மாதிரி அரைச் சுற்றுச் சுற்றியது. டின் வால் அவர் பின்மண்டையில் படாரென்று. கண்ணாடி பறந்து என் குடல் வாளிக்குள் விழுந்தது.

"இது என்ன குடையா, கோழி அடிக்க மிசினா?" என்று கத்தினார்.

நான் வாளிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தேடினேன். செவுள், குடல், முட்டைப் பை, வழுவழுவென்று பித்தப்பை. கண்ணாடி அடியில் கிடந்தது. அதைத் தாவணியில் துடைத்துக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "அத நீயே போட்டுக்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களே, எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும், அதே சிரிப்பு. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்தியது அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்ததால்தான். வேறொன்றுமில்லை.

அம்மா மன்னிப்புக் கேட்டு அவருக்கு வாளை சும்மா கொடுத்தாள். வாலைப் பிடுங்கி எறிந்தேன். குடை பறந்தது. பஞ்சர்கடைக்காரர் வந்தார்.

ஜூலை 20, சனி

என் தப்பு என்ன என்று புரிந்துவிட்டது. நான் காற்றாலையைப் பார்த்துச் செய்தேன். மலை மேல் லாரி போகாது. சாலையோரத்தில் இரண்டு காற்று. மலைக்காற்று நின்று தள்ளும். லாரிக்காற்று ஒரு அடி அடித்துவிட்டுப் போய்விடும். குடைக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாத குடை, போகிற வருகிற லாரிக்கெல்லாம் தலையைத் திருப்பும்.

எப்படித் தெரியவைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஜூலை 22, திங்கள்

பஞ்சர்கடையில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பிரேக் கட்டை சக்கரத்தில் லேசாக உரசிக்கொண்டிருந்தது. கையால் தட்டினால் சக்கரம் உடனே நின்றுவிடுகிறது. அழுத்தித் தள்ளிக்கொண்டே இருந்தால் மெதுவாகத் திரும்புகிறது.

அங்கேயே நின்றுவிட்டேன். அவர் பார்த்தார். நான் பார்ப்பதைப் பார்த்தார். சைக்கிளிலிருந்து இரண்டு பிரேக் ரப்பரையும் கழற்றி, பனியனில் துடைத்து (துடைத்ததால் இன்னும் அழுக்கானது), நீட்டினார்.

"இதப் போட்டா லாரிக்கு அசையாது மக்கா. மலைக்காத்துக்கு மட்டும் திரும்பும்."

"சைக்கிளு?" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை. சைக்கிள்காரர் வந்தால் என்ன செய்வார் என்ற அர்த்தத்தில்.

"அது என் சைக்கிளுதான்."

ஜூலை 23, செவ்வாய்

வாலை மறுபடி மாட்டினேன். ஓரங்களைப் பழைய டியூபால் சுற்றினேன். கம்பில் இரண்டு ரப்பரும் உரசுகின்றன. பதினான்கு லாரிகளை எண்ணினேன். ஒன்றுக்கும் அசையவில்லை. நாலு மணிக்கு மேற்கிலிருந்து காற்று எழும்பியது. குடை யோசித்து யோசித்துத் திரும்பி, விளிம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

முடிந்தது.

ஜூலை 26, வெள்ளி

பறக்கவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

பறக்கவில்லை. அத்தை வந்து பார்த்துவிட்டு, "எந்தம்பி மூளைட்டி ஒனக்கு" என்று கன்னத்தைத் தடவினாள். அப்பாவுக்குச் சைக்கிள் செயின் கழன்றால்கூட மாட்டத் தெரியாது. அதை நான் சொல்லவில்லை.

எதிர்க்கடையில் அவர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டியூப் ஒட்டுகிறார்.

ஜூலை 30, செவ்வாய்

அம்மா பவுடர் போடவில்லை. காலையில் வாளையை எடுத்து, "ஏட்டி, இது மெலிஞ்சு கெடக்கு" என்று என்னிடம் சொன்னாள். நான் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் வாளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

குடை நன்றாக இருக்கிறது. இவ்வளவு நல்ல குடையை யாரும் பாராட்டக் காணோம்.

ஆகஸ்ட் 1, வியாழன்

குடை பறந்தது! கிளாம்ப் நட்டு லூஸாகிவிட்டது. அவர் ஓடிவந்தார். ஸ்பேனரால் இறுக்கினேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மறுபடியும். காலையில் நன்றாக இறுக்கினேன், பதினொரு மணிக்கு லூஸ். வாஷர் சரியில்லை போலும்.

ஆகஸ்ட் 3, சனி

இரண்டு வாஷர் போட்டேன். லூஸ். மரை தேய்ந்திருக்கலாம்.

அம்மாவின் உள்ளங்கையில் வெட்டுக் காயம். செவுள் கிழித்துவிட்டது என்றாள். செவுள் அப்படி வட்டமாகக் கிழிக்காது. ஆனால் நான் இப்போது நட்டைப் பற்றித்தான் யோசிக்கிறேன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

புது நட்டு வாங்கினேன். அம்மா நகப்பூச்சு ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள், பவுடர் டப்பாவுக்குப் பின்னால். மீன்காரிக்கு நகப்பூச்சு! அதில் கொஞ்சம் எடுத்து, நட்டிலும் கிளாம்பிலும் நேருக்கு நேராகச் சிவப்புக் கோடு போட்டேன். சாலை அதிர்ந்து நட்டு தானாகக் கழன்றால் கோடு கொஞ்சம் கொஞ்சமாக விலகும்.

பத்து மணிக்குப் பார்த்தேன், நேராக இருந்தது. பத்தேகாலுக்குப் பார்த்தேன், முழுதாக ஒரு சுற்று.

ஆகஸ்ட் 5, திங்கள்

நட்டைக் கம்பியால் கட்டினேன். ஐஸ் வாங்கப் போய்விட்டு வந்தால் குடை ஆடுகிறது, அவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கம்பி பலகையில் இருந்தது. எட்டு போலச் சுருட்டி, நுனியை நடுவில் செருகி வைத்திருந்தது. எங்கள் வீட்டில் எல்லாக் கயிறும் அப்படித்தான் சுருட்டி வைத்திருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஐஸுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புச் சுவருக்குப் பின்னால் நின்றேன். அங்கே எவனோ வாந்தி எடுத்து வைத்திருந்தான். அதற்குப் பக்கத்தில்தான் நிற்க முடிந்தது. நின்றேன்.

அம்மா மலையைப் பார்த்தாள். சாலையில் இரண்டு பக்கமும் பார்த்தாள். மீன் கூடையில் இலைக்கு அடியிலிருந்து ஸ்பேனரை எடுத்தாள். மீன் வழுவழுப்பில் ஸ்பேனர் நட்டிலிருந்து வழுக்கி உள்ளங்கையில் அடித்தது. கையை உதறி, வாயில் வைத்துக்கொண்டு, மறுபடி திருகினாள். ஸ்பேனரை இலைக்கு அடியில் வைத்தாள். குடை தலை நிமிர்ந்தது.

"ஐயோ, குடை!" என்று கத்தினாள். அதைவிடப் பெரிய நடிப்பை நான் பார்த்ததில்லை.

அவர் சாலையைப் பார்க்காமலே ஓடிவந்தார். ஒரு பஸ் ஹாரன் அடித்து வளைந்து போனது. கம்பைப் பிடித்தார். குடைக்கு வெளியேதான் நின்றார், வழக்கம் போல. அம்மா ஏதோ சொன்னாள். அவர் ஏதோ சொன்னார். அம்மா சிரித்தாள், பல் தெரிய, தலையைப் பின்னால் சாய்த்து. எனக்குத் தெரிந்த அம்மாவுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியாது.

எனக்கு அருவருப்பாக இருந்தது. என் குடையைக் கெடுத்துவிட்டு ஒரு சிரிப்பு. ஒரு மாதம் மூளையைக் கசக்கியவள் நான். அவரும் தன் சைக்கிள் பிரேக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போகிறார், பார்த்திருக்கிறேன். அவருக்காவது தெரியுமா, இது தானாகப் பறக்கவில்லை என்று?

ஜூன் 28ஆம் தேதி நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. இப்போதும் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அம்மாவோடு பேசவில்லை. நான் எப்போதும் பேசாததால் அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

நட்டை இறுக்கினேன். அவள் கழற்றினாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அத்தை வந்தாள். பூசை முடிந்து, நாலைந்து பெண்களையும் கூட்டிக்கொண்டு, என் குடையைக் காட்டுவதற்காக.

அம்மா அவர்கள் வருவதைப் பார்க்கவில்லை. ஸ்பேனர் அப்போதுதான் இலைக்கு அடியில் போயிருந்தது. அத்தை குடைக்குக் கீழே வந்து நின்று, "இதுதாம்ட்டி எம் மருமவ செஞ்சது, புயலே வந்தாலும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒரு கன்டெய்னர் லாரி போனது. குடை தலையைத் தூக்கி, காற்றை வாங்கி, கம்போடு எழும்பியது. விளிம்பு அத்தையின் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. ஜெபமாலை சாளைக்குள் விழுந்தது.

"ஓய் பஞ்சர்கடை!" என்று அத்தைதான் கத்தினாள். "அங்கன என்னத்தப் பாத்துட்டு நிக்கீரு? வந்து பிடியும் ஓய்!"

அவர் வந்து பிடித்தார்.

அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். கம்பைப் பார்த்தாள், நட்டைப் பார்த்தாள், அதிலிருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தாள். அம்மா கையை மூடிக்கொண்டாள்.

"ரெண்டு வாரமா அசையாத குடை இன்னைக்கு ஏன் பறக்கு? எவளாவது கழட்டி விட்டாளா?"

அம்மாவின் முகம் ஐஸில் கிடந்த மீன் மாதிரி ஆகிவிட்டது. கூடையில் இலை விலகி, ஸ்பேனரின் வால் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்தால் அத்தை பார்த்துவிடுவாள்.

"காத்து!" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தமாக வரும் என்று நான் நினைக்கவில்லை.

"காத்தா?" அத்தை மலையைப் பார்த்தாள். அங்கே காற்றாலைகள் எல்லாம் சும்மா நின்றுகொண்டிருந்தன. ஒன்றுகூடச் சுற்றவில்லை.

"மலைக்காத்து இல்ல அத்தை, லாரிக்காத்து. அது வேற. அதுக்குத்தான் நான் ரப்பர் போட்டேன், அது தேஞ்சு போச்சு. நட்டு நான் இறுக்கினதுதான். என் குடை, எனக்குத் தெரியாதா? இனி அடிக்கடி பறக்கும். லாரி கூடிட்டே வருதுல்ல." பேசிக்கொண்டே நடந்து கூடைக்கு முன்னால் போய் உட்கார்ந்து சாளை ஒன்றை எடுத்து வெட்டத் தொடங்கினேன். யாரும் கேட்காத சாளை.

"இவளுக்கு வாய் இருக்கா?" என்றாள் கூட வந்த பெண் ஒருத்தி.

அத்தை என்னைப் பார்த்தாள். ஜூன் 28ஆம் தேதி அவள் வீட்டில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் பேசியதை நினைத்திருப்பாள். அது வேறு மாதிரிப் பேச்சு. இரண்டில் எது பொய் என்று யோசித்திருப்பாள்.

"சரி, பறந்தா பிடிக்கத்தான வேணும்" என்றாள் கடைசியில். "நான் சொன்ன பேச்ச மாத்த மாட்டேன். ஓய், நல்லா நின்னு பிடியும். நான் மீனு வாங்கித் தீரட்டும்."

அத்தை அரை மணி நேரம் மீன் வாங்கினாள். அவர் அரை மணி நேரம் வெயிலில் நின்றார். முகத்திலிருந்து வேர்வை சொட்டு சொட்டாக நவரை மீன்மேல் விழுந்தது. அந்த மீனை நான் யாருக்கும் வெட்டிக் கொடுக்கவில்லை, பூனைக்குப் போட்டேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

அம்மா காலையில் எனக்கு இரண்டு முட்டை பொரித்துத் தந்தாள். அவள் கைக் காயத்தில் சீழ் கட்டியிருக்கிறது. மஞ்சள் வைத்துக் கட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கட்டினேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

பஞ்சர்கடைக்குப் போனேன்.

"பட்டர்ஃபிளை நட்டு வேணும். கையால திருகுறது."

"இருக்கது புதுசுதான மக்கா?"

"துருப்பிடிச்சிருச்சு."

பத்து நாளில் நட்டு துருப்பிடிக்காது என்று அவருக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். பிறகு நட்டு டப்பாவைக் கவிழ்த்து ரொம்ப நேரம் தேடினார். இரண்டு இறக்கையும் நன்றாக அகன்ற ஒன்றை எடுத்தார். பனியனில் துடைக்கப் போனவர் துடைக்காமல் அப்படியே தந்தார். காது வரை சிவந்திருந்தார். பல்லும் சிவப்பு, காதும் சிவப்பு. சகிக்கவில்லை.

பழைய நட்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். அம்மா வந்து பார்த்தாள். கட்டுப் போட்ட கையால் ஒரு தடவை அந்தப் பக்கம் திருகினாள், ஒரு தடவை இந்தப் பக்கம் திருகினாள். சுலபமாகத் திரும்பியது.

"இது எதுக்குட்டி?"

"இதுக்கு ஸ்பேனர் வேண்டாம்" என்றேன். "கையே போதும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். ஈ தொல்லை என்றாள். அப்போது ஈ எதுவும் இல்லை.

மூன்று மணிக்கு மேற்கே காற்று எழும்பியது. எனக்குப் பின்னால் "ஐயோ, குடை!" என்று சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்த குடல் வாளியைக் கொஞ்சம் இழுத்து, நானும் தள்ளி உட்கார்ந்தேன். குடைக்கு உள்ளே ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் வந்தது. அவர் கால் என்மேல் பட்டுவிடக் கூடாது, அதற்காகத்தான்.